ஆறாம் தொட்டிக்கு வந்த வருத்தம்

மயிலிட்டித் துறையில் மீன் பிடிக்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். மீனுக்கு வைத்தியம் பார்க்கிற ஆள் ஒருத்திதான். அவள் பெயர் பத்மாசினி.

அவள் பட்டம் வாங்கியவள் அல்ல. கேதீஸ்வரனின் அலங்கார மீன் நிலையத்தில் தனிமைப்படுத்தல் அறைக்குப் பொறுப்பானவள், அவ்வளவுதான். சுழியோடிகள் கடலுக்கடியில் பவளப் பாரடியில் உயிரோடு பிடித்துவரும் வண்ண மீன்கள் முதலில் அவளுடைய அறைக்குத்தான் வரும். மூன்று வாரமோ நாலு வாரமோ அங்கே தனித்தனித் தொட்டிகளில் கிடக்கும். நோய், வருத்தம் ஏதும் இல்லையென்று அவள் சொன்ன பிறகுதான் கொழும்புக்கு லொறி ஏறும். அங்கிருந்து விமானத்தில் போய், எந்த ஊரிலோ யாருடைய வீட்டு விறாந்தையிலோ கண்ணாடித் தொட்டிக்குள் நீந்தும்.

பத்மாசினி பிறந்ததும் மயிலிட்டிதான். தகப்பன் கடற்றொழிலாளி. தொண்ணூறாம் ஆண்டு போரில் ஊரே எழும்பி ஓடியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. பிறகு ஒவ்வோர் இடமாக நகர்ந்து, கடைசியில் குடும்பம் வன்னியில் ஒரு முகாமில் தங்கியது. அங்கே மழைக்காலம் முடிந்ததும் வீட்டுக்கு ஒருவர் மலேரியாவில் கிடந்து நடுங்குவார். இரத்தம் பார்க்க ஆள் போதவில்லை என்று பள்ளியில் ஓ.எல். வரை படித்த பிள்ளைகளில் சிலரைத் தெரிந்தெடுத்து நுணுக்குக்காட்டி பார்க்கப் பழக்கினார்கள். பத்மாசினி அதில் ஒருத்தி. விரல் நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் பூசி, சாயமிட்டு, காயவைத்து, குழலுக்குள் கண்ணை வைத்துத் தேடுகிற வேலை. நாளுக்கு அறுபது, எழுபது துண்டுகள். பன்னிரண்டு வருடம் அதைச் செய்தாள்.

பிறகு நாட்டில் மலேரியாவே இல்லாமல் போய்விட்டது. கூட வேலை செய்தவர்களோடு சேர்ந்து பாற்சோறு பொங்கிச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த மாதமே வேலையில்லாமல் வீட்டுக்கு வந்தாள். "வருத்தம் ஒழிஞ்சது நல்லதுதானே" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். அது மனதாரச் சொன்னதுதான். ஆனால் அரியாலையில் நண்டுச் சதை எடுக்கிற ஆலையில் நின்று, ஒரு நாளைக்கு எட்டு மணித்தியாலம் ஓடு உடைக்கும்போது, அவளுடைய கண் எதையோ தேடிக்கொண்டே இருந்தது.

இராணுவத்திடமிருந்து ஊர் விடுபட்டதும் மயிலிட்டிக்குத் திரும்பியவர்களில் அவளும் ஒருத்தி. தாயும் தகப்பனும் இல்லை. கலியாணமும் செய்யவில்லை. பற்றை வெட்டி, கிணறு இறைத்து, பழைய அத்திவாரத்தின்மேல் இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டாள். அடுத்த தெருவில்தான் கேதீஸ்வரன் வந்து இறங்கினார். அவர் வளைகுடா நாடு ஒன்றில் பெரிய கடல்மீன் காட்சிச்சாலையில் இருபது வருடம் குழாய் பொருத்தியவர். குழாயும் பம்பியும் அவருக்குக் கைவந்த கலை. கூரை போன பழைய மீன் வாடி ஒன்றைத் திருத்தி இருபத்துநான்கு தொட்டி கட்டினார். மீனுக்குத் தண்ணீர் ஓடவைக்கத் தெரிந்தது. மீன் ஏன் சாகிறது என்றுதான் தெரியவில்லை. முதல் வருடம் பிடித்து வந்ததில் பாதி செத்தது.

தொட்டி கழுவ வந்தவள் பத்மாசினி. மூன்றாம் மாதம் அவரிடம் ஒன்று கேட்டாள்.

"அண்ணை, ஒரு நுணுக்குக்காட்டி வாங்கித் தருவியளோ? பழசெண்டாலும் பரவாயில்லை."

"ஏன் தங்கச்சி, மீனுக்கும் மலேரியா வருமோ?" என்று சிரித்தார் கேதீஸ்வரன். ஆனாலும் வாங்கிக் கொடுத்தார். மூடப்பட்ட ஒரு ரியூசன் கொட்டிலில் கிடந்தது. அடியில் கண்ணாடி வைத்து, வெயிலைப் பிடித்துப் பார்க்கிற பழைய மொடல். அதைக் கிழக்கு யன்னலடியில் வைத்துத் துடைத்து எடுத்த நாளிலிருந்து அந்த அறை அவளுடைய அறையாகிவிட்டது.

இனி நடந்ததைச் சொல்கிறேன். போன பங்குனியில் ஒரு புதன்கிழமை.

கனிசியஸ் என்கிற சுழியோடி ஞாயிற்றுக்கிழமை அறுபது கிளவுன் மீன் கொண்டுவந்திருந்தான். செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட சின்ன மீன், கடற்சாமந்திக்குள் ஒளிந்து வாழ்கிறது. அறுபதையும் ஆறாம் தொட்டியில் விட்டார்கள். திங்கள் நன்றாகத் தின்றன. செவ்வாய் பின்னேரம் சில மீன்கள் தீனைத் துப்பின. புதன் காலை பத்மாசினி கதவைத் திறந்தபோது, அத்தனையும் தண்ணீர் மட்டத்துக்கு வந்து, காற்றுக்குமிழி மேலெழும்பும் இடத்தில் வாயைத் திறந்தபடி நின்றன. அடியில் நாலு செத்துக் கிடந்தன.

அவள் உடனே தண்ணீருக்குள் கையை விடவில்லை. முக்காலியை இழுத்துப்போட்டுத் தொட்டிக்கு முன்னால் இருந்தாள். ஒரு மீனைத் தெரிந்தெடுத்து, மணிக்கூட்டைப் பார்த்து, செவுள் மூடி எத்தனை தரம் அடிக்கிறது என்று எண்ணினாள். நிமிடத்துக்கு நூற்று நாற்பதுக்கு மேல். உடம்பின் நிறம் மங்கி, தோலில் வெள்ளையாக ஒரு சளிப்படை. சிலவற்றில் அது வாழைப்பட்டைத் தோல் மாதிரி உரிந்து வாலுக்குப் பின்னால் இழுபட்டது.

கேதீஸ்வரன் படம் எடுத்துக் கொழும்பிலிருக்கும் மிருக வைத்தியர் தக்சாயினிக்கு அனுப்பினார். நிலையத்துக்கு ஆலோசனை சொல்பவர் அவர்தான். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: வெல்வெற் நோயாக இருக்கலாம், இரண்டு நாளில் தொட்டியையே வெறுமையாக்கிவிடும், செம்பு மருந்தை இன்றைக்கே தொடங்குங்கள். கேதீஸ்வரன் மருந்துப் போத்தலோடு ஓடிவந்தார்.

"பொறுங்கோ அண்ணை. அரை மணித்தியாலம் தாங்கோ. பாக்காமல் விட ஏலாது."

"நீர் பாத்துக்கொண்டிருக்க எல்லாம் செத்துப்போகும். டொக்டரே சொல்லிப்போட்டா. பிறகென்ன?"

"டொக்டர் படத்தைப் பாத்துச் சொன்னவ. நான் மீனைப் பாக்கப் போறன்."

"அப்ப செத்ததிலை ஒண்டை எடுத்துப் பாருமன். உயிரோடை இருக்கிறதை ஏன் பிடிச்சுச் சுரண்டிறீர்?"

"செத்ததிலை ஒண்டும் இராது அண்ணை. மீன் செத்தவுடனை பூச்சியும் கழண்டு போயிடும்."

கண்ணாடிக் கிண்ணத்தைத் தொட்டிக்குள் சரித்து, வலையில்லாமல் ஒரு மீனை உள்ளே வரவைத்தாள். கையை உப்புத் தண்ணீரில் நனைத்து மீனைப் பிடித்தாள். செவுள் மூடியிலிருந்து வால்வரை, மெல்லிய கண்ணாடித் தகட்டின் விளிம்பால் ஒரேயொரு தரம் வருடினாள். மீன் திரும்பத் தண்ணீருக்குள் போனபோது அவளுடைய கையில் ஒரு சொட்டுச் சளிதான் இருந்தது. அதைக் கண்ணாடித் துண்டில் வைத்து, ஒரு துளி கடல்நீர் விட்டு, யன்னலடிக்குப் போனாள்.

வெல்வெற் என்றால் பேரிக்காய் மாதிரி உருண்டை, தோலில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும். வெள்ளைப்புள்ளி என்றால் பெரிதாகக் கறுத்து, பம்பரம்போல் நின்ற இடத்தில் சுற்றும். இரண்டையும் அவள் முன்பு கண்டிருக்கிறாள். இப்போது குழலுக்குள் தெரிந்தது இரண்டும் இல்லை. அவரைக்கொட்டை போல ஒரு பக்கம் வளைந்த சின்னஞ்சிறு பிராணிகள். ஒன்றல்ல, பத்தல்ல, பார்க்கிற இடமெல்லாம். விளிம்பில் மெல்லிய மயிர் துடிக்க, மெதுவாகப் புரண்டு புரண்டு ஊர்ந்தன. தக்சாயினி எப்போதோ அனுப்பிய பிரதித் தாள்களில் அதன் படத்தைப் பார்த்திருந்தாள். கிளவுன் மீனை விரும்பித் தாக்குகிற ஒட்டுண்ணி. புறூக்கினெல்லா என்று பெயர். செம்பு அதை ஒன்றும் செய்யாது.

கைத்தொலைபேசியைக் குழலில் பொருத்தி அரை நிமிட வீடியோ எடுத்து அனுப்பினாள். அனுப்பிவிட்டுத் திரும்பவும் ஒரு தரம் குழலுக்குள் குனிந்து பார்த்தாள். இதுவரை படத்தில் மட்டும் கண்ட ஒன்றை வைத்து, படித்த வைத்தியர் சொன்னதை நிறுத்தியிருக்கிறாள். பிழையாய்ப் போனால் ஐம்பத்தாறு உயிர் போகும்.

தக்சாயினி உடனேயே அழைத்தார்.

"பத்மாசினி, செம்பை மூடி வையுங்கோ. நான் சொன்னது பிழை. நீங்கள் பாத்ததுதான் சரி. போமலின் இருக்கா?"

"ஒரு போத்தல் கிடக்குது டொக்டர். பாத்திட்டுச் சொல்லுறன்."

களஞ்சியத்திலிருந்து போத்தலை எடுத்து வெயிலில் பிடித்தாள். அடியில் வெள்ளையாக மா மாதிரிப் படிந்திருந்தது. பழசாகிக் கெட்ட போமலின். அதை விட்டால் நோய்க்கு முன்னால் மருந்தே மீனைக் கொன்றுவிடும். "உது சரிவராது. புதுசு வேணும்" என்று தள்ளி வைத்தாள். கேதீஸ்வரன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புதுப் போமலின் தேடிப் போனார்.

அவர் வரும்வரை மீன் தாங்காது. இதற்கிடையில் இன்னும் மூன்று செத்திருந்தன. கனிசியஸ் அந்த நேரம்தான் உள்ளே வந்தான். பத்மாசினி அவனைக் கிணற்றடிக்கு அனுப்பி இரண்டு வாளி நல்ல தண்ணீர் அள்ளுவித்தாள். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அதனால் காரத்தன்மையில் அது கடல்நீருக்குக் கிட்ட வரும். மற்ற இடங்களில் இதற்குத் தண்ணீரைத் தயார்ப்படுத்தவே பாடுபட வேண்டும். அவள் கொஞ்சம் அப்பச்சோடா கரைத்து, சோதித்து, சூட்டையும் தொட்டித் தண்ணீரோடு ஒப்பாக்கி, காற்றுக்குழாயைப் போட்டாள். பிறகு, பூச்சி கழன்று விழட்டும் என்று, ஐந்து ஐந்தாக மீன்களை அந்த உப்பில்லாத தண்ணீருக்குள் விட்டாள்.

விட்டதும் அவை பக்கவாட்டில் சாய்ந்து அடியில் விழுந்தன.

"ஐயோ அக்கா, செத்திட்டுதுகள்! எடுங்கோ, எடுங்கோ!" கனிசியஸ் வாளிக்குள் கையை விடப் போனான்.

"தொடாதை. சாகேல்லை, திடுக்கிட்டுக் கிடக்குதுகள். செவுளைப் பார், அடிக்குதெல்லே?"

மணிக்கூட்டை விட்டு அவள் கண்ணெடுக்கவில்லை. மூன்று நிமிடம். வாளித் தண்ணீரில் சளி துண்டு துண்டாகக் கழன்று மிதந்தது. ஒவ்வொன்றாக எடுத்துப் புதுக் கடல்நீர்த் தொட்டியில் விட்டபோது, அவை ஒரு தரம் உடம்பை உதறிவிட்டு நிமிர்ந்தன. கனிசியஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

இது நேரம் வாங்குகிற வேலைதான், மருந்து அல்ல என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு மணிக்குக் கேதீஸ்வரன் வந்தார். கோழிக்குஞ்சு பொரிக்கிற இடமொன்றில் கிருமி கொல்லப் புகை போட வைத்திருந்த புதுப் போமலின் கொண்டுவந்தார்; அது தண்ணீர் மாதிரித் தெளிவாக இருந்தது.

"உது பிரேதத்துக்கு ஊத்திற மருந்தெல்லே அக்கா?" என்று மூக்கைப் பொத்தினான் கனிசியஸ்.

"ஓம். அளவு தப்பினா இதுகளும் பிரேதம்தான். தள்ளி நில்."

போமலின் தண்ணீரிலுள்ள காற்றைக் குறைக்கும். வெக்கையில் இன்னும் கடுமையாகும். அதனால் துறைமுகத்திலிருந்து ஐஸ் எடுப்பித்து, போத்தல்களில் அடைத்துத் தொட்டியைச் சுற்றி அடுக்கினாள். மூன்று காற்றுக்குழாய் போட்டாள். மருந்தை ஊசிக் குழாயால் அளந்து, ஒரு சட்டித் தண்ணீரில் கலக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். நாற்பத்தைந்து நிமிடமும் குனிந்தபடி நின்றாள். கேதீஸ்வரன் கதிரை கொண்டுவந்து வைத்தார். அவள் இருக்கவில்லை. இருந்தால் அடியிலுள்ள மீன் தெரியாது.

அன்று முடியும்போது நாற்பத்தைந்து உயிரோடு இருந்தன. ஒருநாள் விட்டு ஒருநாள், இன்னும் மூன்று தரம் அதே குளிப்பு. ஒவ்வொரு தரமும் கழுவிக் காயவைத்த புதுத் தொட்டி. பழைய தொட்டி, வலை, குழாய் எல்லாம் வெயிலுக்குப் போயின. நாலாவது குளிப்போடு நாற்பத்தொன்றில் வந்து நின்றது. அதற்குப் பிறகு ஒன்றும் சாகவில்லை.

நடுவில் ஒருநாள் கனிசியஸோடு சின்ன வாக்குவாதம். மீனை எப்படிக் கொண்டுவந்தாய் என்று அவள் கேட்டதற்கு அவன் முகம் சிவந்துவிட்டது.

"என்ரை மீனிலை பிழை சொல்லாதையுங்கோ அக்கா. கடலுக்கை நல்லாத்தான் நிண்டதுகள்."

அவள் மறுத்துப் பேசவில்லை. யன்னலடிக்குக் கூப்பிட்டு, குழலுக்குள் பார்க்கச் சொன்னாள். அவன் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"இது கடலிலையும் இருக்கோ?"

"ஓம், இருக்கு. ஆனா அது எவ்வளவு தண்ணி! நீ அறுபதையும் ஒரே பீப்பாயிலையெல்லே போட்டுக்கொண்டு வந்தனி? மூண்டு மணித்தியாலம் ஒண்டோடை ஒண்டு உரஞ்சிக்கொண்டு. ஒரு மீனிலை இருந்தது எல்லாத்திலையும் ஏறிப்போட்டுது."

அடுத்த கிழமை அவன் வந்தபோது, தண்ணீர் அடைத்து விற்கிற பழைய பிளாஸ்ரிக் போத்தல்களில் ஓட்டை போட்டு, ஒரு போத்தலுக்கு ஒரு மீனாக அடைத்து, கடல்நீர் ஓடும் கூடையில் அடுக்கிக் கொண்டுவந்தான். யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விடக் கடினமான நாள் அதற்குப் பிறகுதான் வந்தது. பதினைந்தாம் நாள். நாற்பத்தொரு மீனும் பளபளவென்று ஓடி விளையாடுகின்றன. கையைக் கண்டாலே தீனுக்கு மேலே வருகின்றன. கொழும்பு லொறி வாசலில் நிற்கிறது. கேதீஸ்வரன் பெட்டிகளை அடுக்கிவிட்டார்.

"இண்டைக்கு ஏத்துவம் தங்கச்சி. பாரும், என்ன வடிவா நிக்குதுகள்."

"ஐஞ்சு மீன் பாத்திட்டுச் சொல்லுறன்."

முதல் நாலிலும் ஒன்றும் இல்லை. ஐந்தாவதில், கண்ணாடித் துண்டின் ஓரத்தில், அந்த அவரைக்கொட்டை உருவம் இரண்டு மெல்லப் புரண்டன. அவள் எழும்பி வந்து சொன்னாள்.

கேதீஸ்வரனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இரண்டே இரண்டு! கடலிலை இல்லாததே? போற இடத்திலை அவங்கள் பாத்துக்கொள்ளுவாங்கள்."

"அண்ணை, வன்னியிலை ஒரு நாள் நான் களைச்சுப்போய், ஒராளின்ரை இரத்தத்தை அரைவாசி பாத்திட்டு மலேரியா இல்லையெண்டு எழுதி விட்டனான். மூண்டாம் நாள் அந்த மனிசனைச் சாக்கிலை தூக்கிக்கொண்டு வந்தவை. தப்பிட்டார். பிறகு என்னைக் கண்டிட்டு, 'பிள்ளை, அண்டைக்கு நீ நல்லாக் களைச்சுப்போனாய் என்ன' எண்டு மட்டும் கேட்டவர். ஏசியிருந்தாலும் பரவாயில்லை. இப்ப நான் கண்ணாலை கண்டிட்டன். கண்டதை எப்பிடி இல்லையெண்டு எழுதிறது?"

கேதீஸ்வரன் வெளியே போனார். வாசலில் சத்தமாகக் கதைப்பது கேட்டது. பத்மாசினி கண்ணாடித் துண்டைக் கழுவிக்கொண்டு நின்றாள். வேலை போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. பிறகு லொறி இயங்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர் தலையைக் குனிந்தபடி, அடுக்கிய பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார்.

"வெறுமையாப் போகச் சொல்லிப்போட்டன். வாங்கிறவனுக்கும் உண்மையைச் சொன்னன். இனி எத்தினை நாள் வேணும்?"

"இன்னும் ரண்டு குளிப்பு. அதுக்குப் பிறகு பதினாலு நாள்."

"சரி. ஐஸ் எடுக்கிறதெண்டா இப்பவே போறன்."

பதினாலு நாளும் முடிந்தன. இந்த முறை ஐந்து அல்ல, பன்னிரண்டு மீன் பார்த்தாள்; பன்னிரண்டும் சுத்தம். நாற்பத்தொன்றும் போய்ச் சேர்ந்தன. போன இடத்திலிருந்து ஒரு மாதம் கழித்துத் தகவல் வந்தது: ஒன்றும் சாகவில்லை. உண்மையைச் சொன்ன நிலையம் என்று அந்த ஆள் தொடர்ந்து கேதீஸ்வரனிடமே மீன் கேட்கிறார்.

வைகாசியில் தக்சாயினி காங்கேசன்துறைக்கு ரயிலில் வந்து இறங்கி, நேரே அந்த அறைக்கு வந்தார். பத்மாசினியின் கொப்பிகளைப் பார்த்தார். நாள், தொட்டி, மூச்சு எண்ணிக்கை, குழலில் கண்ட உருவத்தின் பென்சில் படம். நாலு வருடத்துக்கு ஒன்பது கொப்பி. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, "இனி நான் படத்தைப் பாத்துச் சொல்லமாட்டன். முதல் நீங்கள் பாருங்கோ, பிறகு நான் சொல்லுறன்" என்றார். பத்மாசினி தேத்தண்ணி போட எழும்பிப் போனாள்.

இப்போது மற்ற நிலையங்களிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். ஆடியில் மன்னாரிலிருந்து ஒருவர் எடுத்து, வண்ணாத்தி மீன் எல்லாம் வருத்தமாகக் கிடக்குது, மூன்று வகை மருந்து விட்டும் கேட்கவில்லை என்று அழாக்குறையாகச் சொன்னார். சனிக்கிழமை அவள் நுணுக்குக்காட்டியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஆறு மீன் சுரண்டிப் பார்த்தாள். ஒரு பூச்சியும் இல்லை. தண்ணீரைச் சோதித்தாள். வடிகட்டி அடைத்து, மீனின் கழிவே தண்ணீரை நஞ்சாக்கியிருந்தது.

"உங்கடை மீனுக்கு ஒரு வருத்தமும் இல்லை. தண்ணிக்குத்தான் வருத்தம்" என்றாள். "மருந்தெல்லாத்தையும் எடுத்து வைச்சிட்டு, முதல் அந்த வடிகட்டியைக் கழட்டுங்கோ."

அந்த மனிதர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுத் தொட்டிக்குள் இறங்கினார். பத்மாசினியும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வடிகட்டி கழுவத் தண்ணீர் அள்ள வாளியோடு கிணற்றடிக்குப் போனாள்.